பனியுகத்துக்குச் சாட்சி யார்?

"20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் இருந்தது, கடல் மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது என்று மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்போது அளந்து எழுதி வைக்க யார் இருந்தார்கள்? இதை நம்பலாமா?"
- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

நியாயமான சந்தேகம்தான். ஆளில்லாத காலத்தில் கணக்கு எழுதி வைத்தது தண்ணீர்.

தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் அணுக்களில் சுமார் 500-க்கு ஒன்று கொஞ்சம் கனமானது. கடல்நீர் ஆவியாகும்போது லேசான நீர் முந்திக்கொள்ளும். மேகம் பொழியும்போது கனமான நீர் முதலில் இறங்கிவிடும். குளிர் கூடக் கூட, மேகத்தில் மிஞ்சுவது லேசான நீர்தான். 1952-ல் டென்மார்க் விஞ்ஞானி வில்லி டேன்ஸ்கார்டு, கோபன்ஹேகனில் புல்தரையில் ஒரு பீர் பாட்டிலை வைத்து, புனல் செருகி மழைநீரைப் பிடித்துத்தான் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் கிரீன்லாந்தில் போர்வெல் போடுவதுபோலத் துளைத்து, உருளை உருளையாக எடுத்த பனிக்கட்டியிலும் அளந்தார். பனியுகத்தில் விழுந்த பனியில் கனமான ஆக்ஸிஜன் இன்னும் குறைவாக இருந்தது.

லேசான நீர் நிலத்தில் பனிமலையாகக் குவிந்தால், கடலில் கனமான நீரின் பங்கு கூடும். கடலடிச் சேற்றில் புதைந்து கிடக்கும் நுண்ணுயிர்களின் ஓடுகளில் அது பதிவாகியிருக்கிறது. சிக்கலும் இங்கேதான். கடல் குளிர்ந்தாலும் ஓட்டில் கனமான ஆக்ஸிஜன் கூடும். இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கியதா என்று குழம்புவோமே, அது மாதிரி.

1955-ல் சீசரே எமிலியானி, பெரும்பாலும் குளிர்தான் காரணம் என்றார். 1967-ல் நிக்கோலஸ் ஷேக்கில்டன் அதை மறுத்தார். கடலடி நீர் இன்றைக்கே உறைநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்குமேல் அதிகம் குளிர வழியில்லை. ஆனாலும் கடலடியில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளிலும், மேல்மட்டத்தில் வாழ்ந்தவற்றின் அளவுக்கு மாற்றம் தெரிந்தது. அப்படியானால் பெரும்பங்கு பனிமலையின் வேலை. எளிமையான வாதம், ஆனால் அசைக்க முடியாதது. ஆழ்கடலும் ஓரளவு குளிர்ந்திருந்தது என்று பின்னர் தெரிந்தாலும், பனிமலைக்கே பெரும்பங்கு என்பது மாறவில்லை.

தனிச் சாட்சியும் உண்டு. ஒருவகைப் பவளம் கடல் மட்டத்தை ஒட்டித்தான் வளரும். பார்படோஸ் தீவின் அருகே கடலடியில் துளைத்து எடுத்த பழைய பவளங்கள், அன்றைய கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததைக் காட்டின. பாக் நீரிணைக்கு அவ்வளவு ஆழம் கிடையாது. அந்நாளில் ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குத் தரைவழியாகவே நடந்து போயிருக்கலாம்.