எத்தனை ஜிபி வேணும்?



போன மாதம் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. பாட்டு கேட்பதற்கென்று தனியாக ஒரு பிளேயர் வாங்கினால் எத்தனை ஜிபி உள்ளதாக வாங்கலாம் என்பதுதான் தலைப்பு. ஒருவன் 64 போதும் என்றான். இன்னொருவன், "64 எந்த மூலைக்குடா? வாங்கினா 256 வாங்கணும்" என்றான். மூன்றாமவன், "போன்லயே எல்லாம் இருக்கு. இதுக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்று எல்லோரையும் மடக்கினான். அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் அன்று வாயே திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன் இருக்க இது எதற்கு?

எங்கள் வீட்டில் இரண்டு போன். ஒன்று அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இன்னொன்று அம்மாவுக்கும் எனக்கும் தங்கச்சிக்கும் பொது. பாட்டு கேட்க வேண்டியவர் எங்க அப்புச்சி. தோட்டத்துச் சாளையில் தனியாகத்தான் படுப்பார். அங்கே டவர் சரியாகக் கிடைக்காது. கண்ணில் ஆபரேஷன் ஆனவர். போனைக் கையில் கொடுத்தால், "தொட்டா எங்கியோ போயிருது கண்ணு, நமக்கு இது ஒத்து வராது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது விரலால் தடவிப் பார்த்தே அமுக்கக்கூடிய பட்டன்.

நமக்கும் ஒன்று சொல்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு பாட்டு கேட்கலாம் என்று போனை எடுத்தால் பாட்டோடு நிற்கிறோமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்! பிளேயரில் பாட்டு மட்டும்தான் வரும். அதுதான் அதன் பெருமை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

1979-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் ஒரு கேசட் போட்டால் 60 அல்லது 90 நிமிடம் பாடும். 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை வெளியிட்டது. உள்ளே ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க், 5 ஜிபி. ஆயிரம் பாட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று உலகமே வாயைப் பிளந்தது. 2007-இல் வந்த ஐபாட் கிளாசிக்கில் 160 ஜிபி. நாற்பதாயிரம் பாட்டு கொள்ளும் என்றார்கள். 2014-இல் அதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக மிஞ்சியிருந்த ஐபாட் டச்சும் 2022-இல் நின்றுபோனது. இப்போது நகத்தளவு மெமரி கார்டிலேயே அதைவிட அதிகம் கொள்கிறது. உள்ளே சுழலும் தட்டு இல்லாததால் கீழே விழுந்தாலும் ஹார்ட் டிஸ்க் மாதிரி எளிதில் கெடாது.

சரி, நாற்பதாயிரம் பாட்டை எப்போது கேட்பது? ஒரு பாட்டு 4 நிமிடம் என்றால் மொத்தம் 1,60,000 நிமிடம். அதாவது 2,666 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும்! ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கேட்டுக்கொண்டே இருப்பான்.

இன்னொரு கணக்கு. எம்பி3 பாட்டு சாதாரணத் தரத்தில், அதாவது 128 கேபிபிஎஸ்-இல், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி இடம் பிடிக்கும். உயர்ந்த தரமான 320-இல் ஏறக்குறைய இரண்டரை எம்பி. சிடியில் உள்ளதை அப்படியே எடுத்தால் 10 எம்பிக்கு மேல். ஆகவே நம்மிடம் எத்தனை மணி நேரப் பாட்டு இருக்கிறது, அதை எந்தத் தரத்தில் வைக்கப் போகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம்தான் ஜிபி.

அப்புச்சியிடம் 140 கேசட் இருந்தது. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் வைத்தாலும், 320 தரத்தில் மொத்தமே 20 ஜிபிதான். இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

நான் ஏமாந்த கதை

போன வருஷம் கோடை லீவு முழுக்க அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணனின் லேப்டாப்பில் பதிந்தேன். சினிமாப் பாட்டு, கூத்து, நாதஸ்வரம் என்று வரிசையாக முடித்தேன். கடைசியாக ஒரு கேசட். எங்க மாமாவின் முதல் குழந்தைக்கு எங்க அமுச்சி தாலாட்டுப் பாடியதை மாமா டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தது. நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னாடியே அமுச்சி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் குரலை நான் கேட்டது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

அதைப் பதிந்து முடித்துத் திருப்பிச் சுற்றும்போது நாடா சிக்கி அறுந்துவிட்டது. எனக்குத் திக்கென்றது. ஆனாலும் லேப்டாப்பில்தான் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அண்ணன் காலேஜுக்குக் கிளம்பும்போது, "உன் பாட்டையெல்லாம் எடுத்துக்கடா, எடம் அடைக்குது" என்றார். எல்லாவற்றையும் ஒரு 128 ஜிபி கார்டில் ஏற்றினேன். லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன்.

அந்தக் கார்டு சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தெருக்கடையில் வாங்கியது. மற்ற இடங்களில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது. பிளேயரில் போட்டால் எல்லாப் பெயரும் வருகிறது. முதல் ஐம்பத்தைந்து கேசட் போலப் பாடுகிறது. அதற்குமேல் ஒன்றும் பாடவில்லை. அமுச்சியின் பெயர் கடைசி வரியில் இருக்கிறது. அமுக்கினால் மௌனம்.

கம்ப்யூட்டர் சார்தான் விளக்கினார். உள்ளே இருப்பது வெறும் 8 ஜிபி சில்லு. 128 என்று பொய் சொல்லும்படி அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் ஆரம்பத்திலேயே பதிந்துவிடுவதால் பெயர் மட்டும் தெரிகிறது. 8 ஜிபிக்கு மேல் ஏற்றியது எதுவும் எங்கேயும் பதியவில்லை. கார்டு அதைத் தடுக்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை.

அப்புச்சியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சாளைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போவுட்டும் சாமி, நீ என்ன வேணும்னா பண்ணுன?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாங்குமுன் கவனியுங்கள்

1. முதலில் உங்கள் பாட்டைக் கணக்கிடுங்கள். அதைப் போல இரண்டு மடங்கு இடம் இருந்தால் தாராளம்.

2. பிளேயர் எத்தனை ஜிபி கார்டு வரை ஏற்கும் என்று கேளுங்கள். சில பிளேயர் 32 ஜிபிக்கு மேல் படிக்காது. பெரிய கார்டு வாங்கிப் போட்டால் முழிக்கும். சிலவற்றில் இத்தனை பாட்டுக்கு மேல் பட்டியலில் காட்டாது என்ற வரம்பும் உண்டு.

3. 128 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 119 என்று காட்டலாம். இது மோசடி இல்லை. கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1,024-ஆக எண்ணுகிறது. ஆனால் 128 என்று சரியாகக் காட்டும் தொகையை நம்பியும் இருந்துவிடாதீர்கள். கார்டு நிறைய ஏற்றி, முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு மூன்றையும் பாடவிட்டுப் பாருங்கள்.

4. தமிழ்ப் பெயர் எழுத்தாகத் தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பட்டன் கைக்கு அடங்குகிறதா, சாதாரண ஹெட்போன் சொருகும் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. இதுதான் என் கட்சி. ஒரு 256 வாங்கும் ஆசையை விடுங்கள். தேவைக்கேற்ற கார்டு இரண்டாக வாங்குங்கள். ஒன்று பிளேயரில், ஒன்று பீரோவில். சரிபார்த்த இரண்டாவது பிரதி இல்லாமல் மூலத்தை அழிக்காதீர்கள். எவ்வளவு பெரிய கார்டாக இருந்தாலும் தொலைந்தால் மொத்தமாகத்தான் தொலையும்.

அறுந்த நாடா என்ன ஆயிற்று?

இந்தக் கதையை இயற்பியல் சாரிடம் சொன்னேன். "அறுந்தது நாடாதானே? அதுல காந்தமாப் பதிஞ்ச ஒலி எங்கடா போகும்?" என்றார். ஓடிப் போய் அப்புச்சியைக் கேட்டேன். அறுந்த கேசட்டை அவர் தூக்கிப் போடவில்லை. அமுச்சியின் புடவை இருக்கும் டிரங்குப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்தார்!

பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள மெல்லிய டேப்பால் ஒட்டிக் கொடுத்தார். சாதாரண செலோ டேப் ஆகாதாம், பசை கசிந்து ஹெட்டைக் கெடுத்துவிடும் என்றார். கசங்கிப்போன 10 சென்டிமீட்டர் நாடாவை வெட்ட வேண்டி வந்தது. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆக, அமுச்சியின் பாட்டில் இரண்டு நொடி போய்விட்டது. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. அப்புச்சி மட்டும் அந்த இரண்டு நொடியையும் தானே மெல்லப் பாடி நிரப்பிக்கொள்கிறார்.

இப்போது அது 64 ஜிபி கார்டு இரண்டில் இருக்கிறது. மாமா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

நம் வீடுகளின் பரணில் இப்படி எத்தனை கேசட் கிடக்கிறதோ! தாத்தா பேசியது, பாட்டி பாடியது, கல்யாண வீட்டு மேளம். மாதம் ஒரு சனிக்கிழமை நம் கணினி அறையில் இவற்றைப் பதிந்துகொள்ளத் தலைமையாசிரியர் ஐயா அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டேப் ரெக்கார்டர் நான் கொண்டு வருகிறேன். நாடாவைத் திருப்பிச் சுற்றும் வேலையை மட்டும் என்னிடம் கொடுக்காதீர்கள்!



– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்