காட்சி இல்லாத மலை உச்சி

“அங்கே ஏறி என்ன டீச்சர் பார்ப்பது? ஒன்றுமே தெரியாதே!”

உலு லங்காட்டில் அதிகம் பேர் போகாத ஒரு மலையில் ஏறி வந்ததைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. அவன் சொன்னது உண்மைதான். நான்கு மணி நேரம் ஏறிய எங்களுக்கு உச்சியில் கிடைத்தவை, மலையேறிகள் ‘பெய்ருட்’ என்று அழைக்கும் நில அளவைக் கல்லும் சுற்றிலும் மரங்களும் மட்டுமே. படம் எடுக்க ஓர் இடைவெளிகூட இல்லை.

ஆனால், ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் அந்த உச்சியின் பெருமை என்பேன்.

செமினிக்கு அருகே உள்ள புரோகா குன்றின் உயரம் சுமார் 400 மீட்டர். அங்கே சூரிய உதயம் அழகாகத் தெரிவதற்குக் காரணம், உச்சியில் காடு இல்லை. லாலாங் புல்தான் இருக்கிறது. நம் நாட்டு மழைக்கும் வெப்பத்திற்கும், பாறை முகடுகளைத் தவிர்த்தால், இவ்வளவு தாழ்வான குன்று தானாக மொட்டையாவதில்லை. காடு அழிந்து, அடிக்கடி தீப்பிடிக்கும் இடத்தில்தான் லாலாங் நிலைக்கும். நாம் ரசிக்கும் காட்சி, காடு போனதன் அடையாளம்.

மரங்கள் மூடிய மலையில் வேறொன்றைப் பார்க்கலாம். 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. அதற்கேற்பக் காடும் மாறுகிறது. 1943இல் வெளிவந்த தம் நூலில் காட்டியல் அறிஞர் சைமிங்டன் இதை அடுக்கடுக்காக வகுத்துக் காட்டினார். கீழே மெராந்தி போன்ற உயரமான மரங்கள். சுமார் 1,200 மீட்டருக்கு மேல் ஓக் வகை மரங்கள். இன்னும் மேலே போனால், பாசி படர்ந்த குட்டை மரங்கள். செராஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய பாங்சூனில் தொடங்கி 1,493 மீட்டர் நுவாங் மலையில் ஏறுபவர் இந்த மாற்றத்தை ஒரே நாளில் காணலாம். படிவம் இரண்டில் சூழல் மண்டலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் ஏது?

இந்த மரங்களும் பாசியும் மழைத்துளியின் வேகத்தைத் தணித்து, நீரைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. லங்காட் ஆறு அப்படித்தான் பிறக்கிறது. அந்த நீர்தான் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்களுக்கும் வருகிறது. மரம் போன இடத்தில் பல கால்கள் மிதித்து மண் இறுகிவிட்டால், மழைநீர் உள்ளே இறங்காது. பாதையையே வாய்க்காலாக்கி, மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்.

இதனால்தான், படம் தெளிவாக விழ வேண்டும் என்று உச்சியில் கிளைகளை வெட்டியிருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. முகட்டில் மண் ஆழமில்லை. மரங்கள் மிக மெதுவாக வளர்கின்றன. ஐந்து நிமிடத்தில் வெட்டியது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆள் நடமாட்டமில்லாத பாதை ஆபத்தானது என்று பெற்றோர் சொல்வதும் நியாயமே. அதற்காக வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. வனத்துறையின் அனுமதியும் பதிவு பெற்ற மலை வழிகாட்டியும் இல்லாமல் போகக்கூடாது. விடியற்காலையில் தொடங்கி, பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிட வேண்டும். உச்சியை எட்டாவிட்டாலும் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறு குழுவாக, ஒரு வெப்பமானியும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு இத்தகைய மலைக்குச் செல்லட்டும். மலையேறும் நண்பர்கள் அந்தப் பாதையின் வரைபடத்தை முகநூலில் ஏற்றி, கூட்டத்தை அழைக்காமல் இருக்கட்டும். நான் ஏறிய மலையின் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான்.

கேள்வி கேட்ட மாணவனிடம், “அடுத்த முறை நீயும் வா. ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று நீயே கண்டுபிடித்து எழுது” என்று சொல்லியிருக்கிறேன்.