நல்லதங்காள் கதையில் அண்ணனை யார் கேட்பது?

சிண்ட்ரெல்லாவை வகுப்பில் கேள்வி கேட்பது எளிது. வெள்ளைக்கார இளவரசன், கண்ணாடிச் செருப்பு, ஊரில் யாருக்கும் நட்டமில்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர் வம்பை விலைக்கு வாங்க நினைத்தால் நல்லதங்காள் கதையை எடுக்கட்டும்.

பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் தங்கை. அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போடவில்லை. பிள்ளைகளைக் கிணற்றில் வீசிவிட்டு நல்லதங்காளும் விழுகிறாள். நம் பாட்டிகள் அழுதுகொண்டே சொன்ன கதை. அழுது முடித்ததும் வசவெல்லாம் அண்ணிக்குத்தான். அண்ணன் நல்லவன், பேரே நல்லதம்பி!

“அப்பன் சொத்தில் நல்லதங்காளுக்கும் பங்கு இருந்திருந்தால், அண்ணி வாசலில் ஏன் நிற்கப்போகிறாள்?” எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை மட்டும் கேளுங்கள். பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1989இல். அதற்கு முன்பே மணமானவர்கள் 2005 வரை காத்திருந்தார்கள். இன்றும் சீர் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அண்ணன்கள் கொங்கு நாட்டில் குறைவில்லை. அவர்களும் நல்லதம்பிகள்தான்.

பங்கு பிரிக்க நிலமே இல்லாத தலித் வீட்டுப் பெண்ணுக்கு வேறு கதை சொன்னார்கள். ‘மூளி’ என்ற வசவுக்கு எதிர்ப்பக்கம் ‘சுமங்கலி’ என்ற பெருமை இருக்கிறதல்லவா? நூற்பாலை முதலாளிகள் அதைக் காசாக்கினார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று பேர். மூன்று ஆண்டுகள் மில் விடுதியில் அடைந்து கிடந்து வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அவள் கூலியில் பிடித்து வைத்ததைத்தான் பரிசு போலக் காட்டினார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் நின்றவர்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பெண் பிறந்ததே தாலிக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளிடம்தான் இப்படி ஒரு திட்டத்தை விற்க முடியும். பையன்களுக்கு ‘மாப்பிள்ளைத் திட்டம்’ என்று எந்த மில்லும் ஆள் எடுத்ததில்லை.

வகுப்பில் இதைப் பேசினால் மறுநாளே ஆள் வரும். “எங்க புள்ளைக்குச் சொத்துல பங்கு கேக்கச் சொல்லிக் குடுக்கறீங்களாக்கும்?” ஆமாம் என்று சொல்ல ஆசிரியருக்குத் துணை வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டுமென்பது கல்வி உரிமைச் சட்டம். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும், செக்கிங் பார்க்கும் அம்மாக்கள் அதில் இருக்கிறார்கள். தோழர்கள் முதலில் அவர்களிடம் போய் இந்தக் கதையைப் பேசட்டும்.