இடுப்பில் அறுவை, வயிற்றில் ரத்தம்

என் பெரியம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. வாக்கர் பிடித்து நடந்தார், தையலும் ஆறியது. வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில் தலைசுற்றல், சோர்வு. "ஆபரேஷன் அசதி" என்றார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்றபோது, இரும்புச்சத்து மாத்திரையைக் காரணம் காட்டினார்கள். உண்மையில் இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள்.

இடுப்பை அறுத்தால் வயிற்றில் ஏன் ரத்தம்? இந்த அறுவைக்குப் பின் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்க எனாக்ஸபாரின் ஊசியோ, ரிவராக்ஸபான், ஆஸ்பிரின் போன்ற மாத்திரையோ பல வாரங்கள் தருகிறார்கள். ரிவராக்ஸபான் என்றால் வழக்கமாக 35 நாள். அவசியமான மருந்துதான். ஆனால் அது காலோடு நின்றுவிடாது; உடலெங்கும் ரத்தம் உறைவதைத் தடுக்கும், வயிற்றில் புண் இருந்தால் அங்கும் ரத்தம் கசியும். கூடவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். பெரியம்மா முழங்கால் வலிக்கு அதை வருஷக்கணக்கில் விழுங்கிவந்தவர். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி நவீன மாற்று மூட்டுக்கு வழி திறந்த அதே 1960-களில்தான், ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலம் மருத்துவத்துக்கு வந்தது. இன்று அறுவையின்போது ரத்த இழப்பைக் குறைக்க அது பெரிதும் உதவுகிறது. அறுவை அரங்கில் இத்தனை காவல். வீட்டிலோ, டிஸ்சார்ஜ் சீட்டில் புரியாத ஒரு வரி.

இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ரத்தம் கலந்த மலம் தார்போல் பிசுபிசுத்து ஒட்டும், வழக்கமில்லாத துர்நாற்றம் வீசும். அதோடு தலைசுற்றல், படபடப்பு, மூச்சிரைப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறுவைக் காயம் திடீரென வீங்கி இறுகினாலும், கட்டு ரத்தத்தில் நனைந்தாலும், கீழே விழுந்து தலையில் அடிபட்டாலும் தாமதம் கூடாது. பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். ரத்தம் உறையும் ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

அறுவைக்கு முன்பே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் முன் வையுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எதைக் கண்டால் ஓடிவர வேண்டும் என்பதை வீட்டாருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். சிகிச்சையில் அதுவும் சேர்த்திதான்.