அழுகிய பாசியில் விருந்து!

கடற்கரையில் பாசி அழுகிக் கிடந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. "குப்பை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது தவறு. சிப்பியைக் கேட்டால் அல்லவா தெரியும், அதன் அருமை!

சிப்பிக்குப் பல் கிடையாது. பாறையில் ஒட்டியபடியே காலம் தள்ளுகிறது. கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. செவுளில் உள்ள நுண்ணிய மயிர்கள் சல்லடை போல வேலை செய்கின்றன. தூளாக வரும் உணவு தங்கிவிடும். தண்ணீர் வெளியே போய்விடும்.

பச்சைப் பாசியை அதனால் கடிக்க முடியாது. பாசி கிழிந்து, அழுகி, பொடியாக வேண்டும். அழுகும்போது அதில் நுண்கிருமிகள் குடியேறுகின்றன. அதனால் புரதச் சத்தும் கூடுகிறது. பானையில் இருக்கும் பழைய சோறு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குச் சான்று உண்டா? உண்டு!

அலாஸ்கா பக்கம் அலூசியன் தீவுகள் இருக்கின்றன. அங்கே ரோமத்துக்காகக் கடல் நீர்நாய்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1911-ல் ஒப்பந்தம் போட்டு வேட்டையைத் தடுத்தார்கள். சில தீவுகளில் நீர்நாய் மீண்டும் பெருகியது. சில தீவுகளுக்கு அது திரும்பவில்லை.

நீர்நாய் இல்லாத இடத்தில் கடல் முள்ளெலிக்குக் கொண்டாட்டம். அது பாசிக் காட்டை மொட்டையடித்துவிடும். நீர்நாய் முள்ளெலியைத் தின்னும் இடத்தில் பாசி ஓங்கி வளரும்.

டக்கின்ஸ், சிமன்ஸ்டாட், எஸ்டஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். பாசி நிறைந்த தீவுகளில் சிப்பிகள் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாக வளர்ந்தன! பாசியில் உள்ள கரிச்சத்துக்குத் தனி அடையாளம் உண்டு. அதே அடையாளம் சிப்பியின் சதையிலும் இருந்தது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்பயிர்களே சிப்பியின் முக்கிய உணவு என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. எல்லாக் கடலும் ஒன்று போல இராது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் மொட்டைப் பாறையில் சிப்பி மெலிந்ததை மறுக்க முடியுமா?

1990-களில் அந்தத் தீவுகளில் நீர்நாய் மறுபடியும் குறைந்தது. பாசிக் காடும் சுருங்கியது. 2005-ல் அமெரிக்க அரசு நீர்நாயைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம்தான். ஆனால் நீர்நாயின் தலையை மட்டும் எண்ணினால் போதாது. அடியில் பாசி இருக்கிறதா, பாறையில் சிப்பி கொழுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.