துளை நேராக விழட்டும்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவாயிற்று. அதனை ஒட்டியுள்ள மண்ணூர்பேட்டைக்கு லேத் ஓடும் ஓசை புதிதன்று. அந்த ஓசையின் நடுவே வளரும் இளைஞன் ஒருவன் மின்னணுச் சாதனம் ஒன்றைத் தானே செய்ய முற்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மின்சுற்றுப் பலகையில் செம்புப் பாதைகளை அமைத்து விடுகிறான். பாகங்களின் கால்கள் நுழையத் துளை போடும் கட்டத்தில்தான் தடுமாறுகிறான்.

காரணம் இதுதான். துளையின் அளவு பெரும்பாலும் 0.8 மில்லி மீட்டர் அல்லது 1 மில்லி மீட்டர். பலகையோ கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது. சாதாரண எஃகு டிரில் பிட் அதில் விரைவில் மழுங்கிவிடும். கார்பைடு பிட் எளிதில் மழுங்காது. ஆனால் பக்கவாட்டில் சற்று அசைந்தாலும் பட்டென்று ஒடிந்துவிடும். கையில் பிடித்துத் துளைத்தால் பிட்டும் போயிற்று, பலகையும் போயிற்று!

தொழிற்சாலைகள் இதற்கெனக் கம்ப்யூட்டர் இயக்கும் யந்திரங்களைப் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகின்றன. ஏழை மாணவன் எங்கே போவான்? அவன் தானே ஒன்றைச் செய்துகொள்ளலாம். 12 வோல்ட் மோட்டார் ஒன்று, பழுதான பிரிண்டரிலிருந்து கழற்றிய வழவழப்பான எஃகுத் தண்டுகள் இரண்டு, கனமான அடிப்பலகை ஒன்று, இவை போதும். சுழலும் பிட் தள்ளாடக்கூடாது, மேலும் கீழும் செல்லும் பாதை செங்குத்தாக இருக்கவேண்டும், அடிப்பகுதி அதிரக்கூடாது. இம்மூன்றும் அமைந்தால் விலை குறைந்த யந்திரமும் நேர்த்தியாகத் துளையிடும்.

இதில் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் செய்ய இயலாதது. மோட்டார் தண்டையும் டிரில் பிட்டையும் இணைக்கும் சிறு பித்தளைத் துண்டு அது. அதன் இரு துளைகளும் ஒரே மையத்தில் அமையவேண்டும். லேத்தில் ஒரு முறை மாட்டி, கழற்றாமலே இரண்டையும் போட்டு முடித்தால்தான் அது கைகூடும். தேர்ந்த தொழிலாளிக்கு இது சிறிது நேர வேலை. ஆனால், நூற்றுக்கணக்கில் உருப்படி கேட்கும் வாடிக்கைக்காரரை நிறுத்திவிட்டு, ஒற்றை உருப்படிக்காக வரும் பையனை எந்தப் பட்டறை வரவேற்கும்?

கோவை ஜி. டி. நாயுடு மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றி மாட்டியே யந்திர நுட்பத்தைக் கற்றார் என்பது நாடறிந்த செய்தி. கருவியைக் கையாள வாய்ப்புக் கிடைத்தால் அறிவு தானே வளரும். தன் யந்திரத்தைத் தானே செய்த மாணவன், மில்லி மீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது என்னவென்று விரல் நுனியால் அறிவான். எந்தப் பாடப் புத்தகமும் இதனைக் கற்பிக்காது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் அதுபோன்ற பிற நிலையங்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆசிரியர் மேற்பார்வையில் பட்டறைக் கதவை வெளி மாணவருக்குத் திறந்துவிடட்டும். தொழிற்பேட்டை முதலாளிமார் ஒரு மணி நேர லேத் உழைப்பையும், தள்ளாட்டம் அளக்க ஒரு டயல் கேஜையும் தந்து உதவட்டும். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. முகக்கவசமும் கண்ணாடியும் அணியும் பழக்கத்தையும் அங்கேயே கற்பிக்கலாம்.

துல்லியம் பணம் படைத்தவரின் தனிச்சொத்து அன்று. கவனமும் பொறுமையும் உள்ள கைக்கு அது வசப்படும். அந்தக் கைக்கு ஒரு கருவியைக் கொடுப்பது நமது கடமை.