கூண்டுக்கும் ஓர் இராத்திரி வேண்டும்

தூத்துக்குடிக்குப் போய்த் திரும்புகிறவன் கையில் ஒரு மக்ரூன் பொட்டலமாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். இம்முறை பொட்டலத்தோடு ஒரு பட்சியின் கதையும் வந்திருக்கிறது. நேயர்களில் பட்சி வளர்ப்பவர்கள் அநேகர் இருப்பார்களாகையால் அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் தங்கியிருந்தது கடற்கரைச் சாலைக்கு அருகே, துறைமுகத்தில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவரின் இல்லம். கூடத்திலே ஒரு கூண்டு. அதற்குள் சாம்பல் நிறமும் செம்மஞ்சள் கன்னமும் கொண்ட ஒரு பெண் காக்டெயில். (பெயரைக் கேட்டு மதுவிலக்கு அபிமானிகள் திடுக்கிட வேண்டாம்; இது கொண்டையுள்ள ஆஸ்திரேலியக் கிளியினம்.) கூண்டுக்கு நேர் எதிரே டெலிவிஷன் பெட்டி, தலைக்கு மேலே குழல் விளக்கு. நண்பர் இரவு வேலை முடிந்து வந்து சாப்பிட்டு, கிரிக்கெட் பார்த்துப் படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு மறுபடியும் விளக்கு எரியும்.

அந்தப் பட்சி ஆண் துணையே இல்லாமல் மூன்று மாதத்தில் பதினொரு முட்டை இட்டிருந்தது. மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டது. கடைசி முட்டை வெளிவராமல் சிக்கிக்கொள்ள, கால்நடை வைத்தியர் ஒருவர் அரும்பாடுபட்டு உயிரைக் காப்பாற்றினாராம். "சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்றார். உடனே இரண்டு கடல்நுரை வாங்கித் தொங்கவிட்டேன். முத்துக்குளித்துறைக்காரன் வீட்டில் சுண்ணாம்புக்கா பஞ்சம், அண்ணாச்சி?" என்றார் நண்பர்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கடல்நுரை என்பது கணவாயின் உள்ளோடு. 1961-ஆம் வருஷத்தோடு இந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் கணவாய் ஓடு கரையில் ஒதுங்குவது நிற்கவில்லை. முத்தும் அதுவும் பெரும்பாலும் ஒரே சுண்ணாம்புப் பொருளால் ஆனவைதாம். இருந்தும், தின்ற சுண்ணாம்பு குடலிலிருந்து இரத்தத்தில் சேர வேண்டுமானால் டி வைட்டமின் வேண்டும். சூரியனின் புற ஊதாக் கிரணம் மேலே பட்டால் பறவையின் தேகம் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் அதைக் கொடுப்பதில்லை. வெயில் சன்னல் வழியாக வருகிறதே என்றால், அந்தக் கிரணத்தைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. கூடத்து விளக்கிலோ அது இல்லவேயில்லை. நாம் பார்க்க முடியாத புற ஊதா நிறத்தைப் பறவைகள் காண்கின்றன என்பது மற்றொரு விஷயம். கூடத்து விளக்கில் அவற்றுக்கு உலகமே ஒரு வர்ணம் குறைந்துதான் தெரியும்.

இது பகலில் உள்ள பஞ்சம். இரவிலோ வெளிச்சம் வெள்ளமாய்ப் பாய்கிறது. தொல்லைக்கு மூலம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

கனடா தேசத்து எட்மண்டன் நகரில், வில்லியம் ரோவன் என்ற விஞ்ஞானி சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து, உறைபனிக் காலத்தில் அந்தி சாய்ந்தபின் மின்சார விளக்கேற்றி, நாள்தோறும் சில நிமிஷம் பகலை நீட்டிக்கொண்டே போனார். கடுங்குளிரிலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்த காலத்தைப் போல வளர்ந்துவிட்டன. குளிர் வெப்பமல்ல, பகலின் நீளமே பட்சிக்குப் பஞ்சாங்கம் என்று அவர் 1925-இல் எழுதினார். பிற்பாடு பிரான்ஸ் தேசத்து பென்வா என்பவர் வாத்துகளை ஆராய்ந்து, வெளிச்சம் கண் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டை ஊடுருவி நேரே மூளையையும் எட்டுகிறது என்று காட்டினார். ஆகவே பட்சி கண்ணை மூடிக்கொண்டாலும் விளக்கு அதை விடுவதில்லை.

தூத்துக்குடியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். நண்பர் வீட்டுக் கூடத்திலோ வருஷம் முழுவதும் பதினெட்டு மணி நேரப் பகல்! எட்மண்டனின் கோடைக்காலத்தை அவர் தம்மை அறியாமலே முத்துநகருக்கு இறக்குமதி செய்திருந்தார். கூடு கட்டும் காலம் வந்துவிட்டதென்று நம்பி அந்தப் பேதைப் பட்சி முட்டையிட்டது; ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கடன் வாங்கியது. போதாதற்கு உறக்கமும் இல்லை. இறகைப் பிடுங்குவதற்குக் காரணங்கள் பல உண்டென்றாலும் உறக்கக் கேடு அவற்றுள் ஒன்று.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாய்ச் சொல்லி முடித்ததும், மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார் நிமிர்ந்து பார்த்தார். "பொழுது சாஞ்சா கோழியே அடையுது. இதை மட்டும் ஏம்ல ஒறங்கவிட மாட்டேங்க?" என்று மகனைக் கேட்டார். ரோவனுக்குப் பக்கத்தில் ஆச்சிக்கும் ஒரு நாற்காலி போடலாம்.

ஏற்பாடு சுலபமானதுதான். மாலை ஏழு மணிக்குக் கூண்டு ஆச்சியின் பின்கட்டு அறைக்குப் போய்விட வேண்டும். மேலும் மூன்று பக்கமும் பழைய பருத்தி வேட்டி. காற்றுக்காக ஒரு பக்கம் திறப்பு. (அடுப்பங்கரை மட்டும் ஆகாது, ஒட்டாத பூச்சுள்ள சட்டி அதிகமாய்க் காய்ந்தால் எழும் ஆவி பறவையைக் கொன்றுவிடும்.) சாதாரணமாகப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டுப் போதும். ஓயாமல் முட்டையிடும் பட்சிக்குச் சில வாரங்கள் வெளிச்சத்தை எட்டு முதல் பத்து மணி நேரமாகக் குறைக்கும்படி வைத்தியர்கள் சொல்லுவார்கள். ஆனால் காக்டெயில் இருட்டில் திடீரென்று மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும் சுபாவமுள்ளது. அப்படிப்பட்டதற்கு மட்டும் தூரத்தில் மிக மங்கலான ஒரு விளக்கு இருக்கலாம்.

காலையில் இளவெயிலில் அரைமணி நேரம் மாடியில் கூண்டை வைத்தால் டி வைட்டமின் இனாமாய்க் கிடைக்கும். பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், காகத்துக்கும் பூனைக்கும் காவலாக யாரேனும் அருகிலிருக்க வேண்டும். அலகைத் திறந்து இரைத்தாலோ சிறகைத் தூக்கிப் பிடித்தாலோ உடனே நிழலுக்கு எடுத்துவிடுங்கள். தூத்துக்குடி வெயில் உப்பளத்தில் உப்பை விளைவிக்கும் வெயில், விளையாட்டல்ல. மாடியோ முற்றமோ அற்ற பட்டணவாசிகளுக்குப் பறவைகளுக்கென்றே செய்த புற ஊதா விளக்குகள் விற்கின்றன. ஓணான், ஆமைக்கு விற்பதை வாங்கிக் கண்ணைக் கெடுத்துவிடாதீர்கள். அவை எரிந்துகொண்டே இருந்தாலும் புற ஊதாச் சக்தி நாளடைவில் குன்றிவிடும். தயாரித்தவர் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும்.

பச்சைக்கிளி வைத்திருப்போருக்கு மட்டும் நான் விளக்கு யோசனை சொல்ல மாட்டேன். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவர்கள் போக வேண்டியது வனத்துறை அலுவலகத்துக்கு.

சென்ற வாரம் நண்பரிடமிருந்து டெலிபோன் வந்தது. ஆறு வாரமாய் முட்டையில்லை. மார்பில் புதிய இறகு குருத்துவிட்டிருக்கிறது. ஆனால் பட்சியை ஒருநாள் மறந்துபோய்க் கூடத்தில் வைத்திருந்ததற்காக ஆச்சி இரவு எட்டு மணிக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாராம். மிச்சக் கிரிக்கெட்டை அவர் மொட்டை மாடியில், கைத்தொலைபேசியில், கொசுக்களோடு பார்த்தார்.